டம்ளர் மட்டும் போதாது, பெஞ்சும் கல்லாவும் வேண்டும்



இந்த இதழின் தலையங்கம் ஒரு டீக்கடையைப் பற்றியது. நில மீட்பு, வன்கொடுமை வழக்குகள், தேர்தல் என்று எழுத எவ்வளவோ கிடக்க, டீக்கடைக்கு இப்போ என்ன அவசரம் என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். அவசரம் இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒரு கிராமத்தின் அரசியல் எங்கே நடக்கிறது? ஊராட்சி மன்றக் கட்டடத்தில் என்று சொல்லாதீர்கள். அது பாதி நாள் பூட்டிக் கிடக்கும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நடக்கிறது. விடியற்காலை பாய்லர் பற்றவைத்த நேரத்திலிருந்து ராத்திரி கடை எடுத்துவைக்கிற வரைக்கும் நடக்கிறது. பேப்பர் அங்கேதான் வாசிக்கப்படுகிறது. நாளைக்கு நடவுக்கு எத்தனை ஆள், என்ன கூலி என்பது அங்கேதான் பேசி முடிகிறது. எந்த நிலம் விலைக்கு வருகிறது, எந்த மானியத்துக்கு மனு போட வேண்டும், தாலுகா ஆபீசில் யார் மாறிப் போனார், யார் வந்தார் என்ற சேதியெல்லாம் அந்தப் பெஞ்சுக்குத்தான் முதலில் வருகிறது. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு முழுச் சேதியும் கிடைக்கும். தள்ளிக் குந்தியிருக்கிறவனுக்குக் காதில் விழுந்த மட்டும்தான். சேதி கிடைக்காதவனுக்கு மானியமும் கிடைப்பதில்லை, நிலமும் கிடைப்பதில்லை. கூலியும் அவன் கேட்டது கிடைப்பதில்லை, அவர்கள் சொன்னதுதான்.

இரட்டை டம்ளர் என்றதும் எல்லாரும் டம்ளரைப் பற்றியே பேசுகிறோம். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்கு அலுமினிய டம்ளர் அல்லது கொட்டாங்குச்சி. கூரை எரவாணத்தில் செருகியிருக்கிற அதை நாமே எடுத்து, நாமே கழுவி, கீழே வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவார். காசைக் கையில் கொடுக்கக் கூடாது, பலகைமேல் வைக்க வேண்டும். குடிப்பது தரையில் குந்தியோ நின்றோதான். பெஞ்சில் பேசுகிறவர்கள் பேச்சில் நாம் வாய் வைக்கக் கூடாது. ஆக, ஒரு வாய் டீக்குள் நாலு தீண்டாமை இருக்கிறது. பாத்திரத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று, கையில் ஒன்று, பேச்சில் ஒன்று. இதில் முதலாவதைத்தான் நாம் வெளியே தெரிகிற மாதிரி எதிர்த்துப் போராடியிருக்கிறோம். மற்ற மூன்றும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

ஜெர்மன் சிந்தனையாளர் ஹேபர்மாஸ் 1962இல் வெளியான தன் நூலில், பொதுவெளி என்ற ஒன்று உருவானதற்கு லண்டனின் காபிக் கடைகளை உதாரணம் காட்டினார். ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே போகலாம், பேப்பர் வாசிக்கலாம், பிரபுவோடு வியாபாரி வாதாடலாம், ராஜாவையும் விமர்சிக்கலாம். இரண்டாம் சார்லஸ் மன்னன் பயந்துபோய் 1675 டிசம்பரில் காபிக் கடைகளை மூடச்சொல்லி ஆணை போட்டான். எதிர்ப்பைப் பார்த்து சில நாளிலேயே அதை வாபஸ் வாங்கினான். நல்ல கதைதான். ஆனால் அதே லண்டன் பத்திரிகைகளில், ஓடிப்போன கறுப்பு அடிமையைப் பிடித்து இன்ன காபிக் கடையில் ஒப்படைத்தால் சன்மானம் என்று விளம்பரம் வந்தது. லாய்ட்ஸ் என்ற காபிக் கடையில் முளைத்த காப்பீட்டுச் சந்தை அடிமைக் கப்பல்களுக்குக் காப்பீடு கொடுத்துக் கொழுத்தது. 2020இல்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். பொதுவெளி என்று யாராவது சொன்னால், அதில் யார் உட்கார்ந்தார்கள், யார் விற்கப்பட்டார்கள் என்று கேட்காமல் நாம் தலையாட்டக் கூடாது.

நம் ஊர்க் காபியின் கதையும் லேசுப்பட்டதல்ல. காபி மேல்தட்டுக்கும் குறிப்பாகப் பிராமணர்களுக்கும் உரிய பண்பாட்டு அடையாளமாகவும், டீ உழைக்கிறவர்களின் பானமாகவும் ஆன விதத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். 'பிராமணாள் காபி கிளப்' என்று பலகை மாட்டிக்கொண்ட கடைகள் சென்னை மாகாணம் முழுக்க இருந்தன. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். கடைசியில் அந்தப் பெயர் அகற்றப்பட்டது. அந்தப் போராட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் பட்டணத்துப் பலகையில் எழுத்து அழிந்த அதே காலத்தில், கிராமத்து எரவாணத்தில் நம் டம்ளர் அப்படியே செருகிக்கிடந்தது. பலகையில் எழுதாத சாதியை அழிக்க மறியல் நடத்த வருகிறவர்கள் குறைவு.

அதே 1957இல் வேறொன்றும் நடந்தது. காபி வாரியம் தன்னுடைய காபி ஹவுஸ்களை மூடித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்தபோது, ஏ. கே. கோபாலன் துணையோடு அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். பெங்களூரில் தொடங்கியது, 1958இல் திருச்சூருக்கு வந்தது, பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. பரிமாறியவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் கல்லாவில் உட்கார்ந்தார்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிக்கொடுத்த அந்தச் சுருள் கட்டடத்தில் எத்தனை விவாதம் நடந்திருக்கும்! ஒரே ஆண்டில் ஒரு போராட்டம் பலகையோடு மோதியது, இன்னொன்று கல்லாவைப் பிடித்தது. நமக்கு இரண்டும் தேவை.

இடத்துக்காக நடந்த போராட்டங்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி 1 அன்று நாலு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குப் போனார்கள். அங்கே சாமான் வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்டார்கள். பிறகு அதே கடையின் சாப்பாட்டுப் பலகையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடையாது என்றார்கள். கடை மூடுகிற வரைக்கும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் இன்னும் பல பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஜூலை 25 அன்று அந்தப் பலகை கறுப்பின மக்களுக்குத் திறந்தது. நம் காசு செல்லும், நாம் உட்காரக் கூடாது என்கிற விதி உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நம் சகோதரர்களுக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் கொடுத்த காலம் இருந்தது. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் காகிதத்தில் இருந்தது, போத்தல் கையில் இருந்தது. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. சங்கானை முதலான இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசம் நடந்தது. தாக்குதல் நடந்தது, உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் கிளாசும் கதிரையும் கிடைத்தன. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலுக்குப் போனவர்கள் தேநீர்க்கடை வழியாகத்தான் அங்கே போனார்கள்.

சட்டம் நமக்கும் குறைவில்லை. 1924இலேயே சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் பொது அலுவலகத்திலும் நமக்கு உரிமை உண்டென்று தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். அண்ணல் அம்பேத்கர் தந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடை, பொது உணவகம் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போய், பொது உணவகத்தில் வைத்திருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தத்திலும் இது இருக்கிறது. ஒரு டம்ளருக்காக இந்த நாடு இத்தனை முறை சட்டம் எழுதியிருக்கிறது. ஒரே சட்டம் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அடுத்ததற்குத் தேவை வந்திருக்காது.

இது பழைய கதை என்பவர்களுக்கு இரண்டு சேதி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டை டம்ளரைக் கண்டார். வழக்குப் பதிவானது. ஆட்சியர் நேரில் வருகிற வரைக்கும் அந்த டம்ளர் யார் கண்ணுக்கும் தெரியவில்லை! 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் வயல் வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்தார்கள் என்று இரண்டு பெண்கள் கைதானார்கள்.

பல ஊர்களில் இப்போது டம்ளரே இல்லை, பேப்பர் கப் வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே கப், குடித்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான், சமத்துவம் வந்துவிட்டது என்கிறார்கள். இது சமத்துவமா? நம் வாய் பட்ட பாத்திரத்தில் இன்னொருவர் வாய் வைக்க வேண்டியதில்லை என்பதற்கான ஏற்பாடல்லவா? நமக்கு மட்டும் பேப்பர் கப், தங்களுக்குக் கண்ணாடி கிளாஸ் என்று வைத்திருக்கிற கடைகளும் உண்டு. கேட்டால் சுகாதாரம் என்பார்கள். ஞெகிழி பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை போட்டது. சுற்றுச்சூழலுக்காகப் போட்ட தடையைக்கூட நம் ஊர்ச் சாதி ஜெயித்துவிட்டது.

கைக்கு வருவோம். 2018 ஜூலையில் அவிநாசி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணைச் சமைக்கவிடாமல் பள்ளியைப் பூட்டிப் போராடினார்கள் ஆதிக்கச் சாதிப் பெற்றோர்கள். நம் கை சமைத்தால் தீட்டு. சரி, நீங்கள் குடிக்கிற டீயைப் பறித்தது யார் கை? இலங்கை மலையகத்தில் முதலில் காபிக்கும், 1869இல் இலைநோய் வந்து காபி அழிந்தபின் தேயிலைக்கும் காடு திருத்தப் போனவர்கள் பெரும்பாலும் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். 1948இல் குடியுரிமையையும் பறிகொடுத்தார்கள். வால்பாறை மலையில் அட்டைக்கும் மலேரியாவுக்கும் செத்தவர்களைப் பற்றி அங்கே மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் தாமிரபரணி 17 பேரை வாங்கிக்கொண்டது. அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. பறித்த கைக்குத் தீட்டு இல்லை, வறுத்த கைக்குத் தீட்டு இல்லை. கிளாசில் ஊற்றிக் கொடுக்கும்போது மட்டும் தீட்டு வந்துவிடுகிறது. ஏனென்றால் ஊற்றிக் கொடுக்கிறவர் கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்குகிறார். அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

இந்த யோசனையோடுதான் போன மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கூட்டு ரோட்டில் இருக்கிற அந்தக் கடைக்குப் போனேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

காலனியைச் சேர்ந்த ஆறு பெண்கள் சேர்ந்து நடத்துகிற கடை. பன்னிரண்டுக்கு இருபது அடி, மேலே ஷீட். சென்னையில் கட்டட வேலை செய்கிற பையன்கள் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறார்கள். முன்னால் பாய்லர், வடைச் சட்டி, கண்ணாடி பாட்டிலில் பொறையும் முறுக்கும். சுவரில் அண்ணல் படம். அதன் கீழே ஒரு பீரோ நிறையப் புத்தகம். வாசல் பக்கம் கரும்பலகை. அன்றன்றைக்குப் பேப்பரில் வந்த முக்கியச் சேதியை அதில் ஒரு பெண் எழுதுகிறாள். எந்தத் திட்டத்துக்கு எந்தத் தேதிக்குள் மனு போட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். ஏழு மணிக்கு மேல் பெஞ்சுகளைத் திருப்பிப்போட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம். ஞாயிற்றுக்கிழமை மனு எழுதும் நாள். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் பணம், கல்வி உதவித்தொகை, தகவல் உரிமை மனு எல்லாம் அங்கே எழுதப்படுகிறது. எழுதக் காசு கிடையாது.

நான் காபி கேட்டேன். டபராவில் வந்தது. டீக்கும் காபிக்கும் ஒரே விலை. "காபியிலே லாபம் கம்மி தான். ஆனா காபி அவங்க குடிக்கிறது, டீ நாம குடிக்கிறதுன்னு யாரு எழுதி வெச்சாங்க? எங்க ஜனத்துக்கு எது புடிக்குதோ அத குடிக்கட்டும்," என்றார் பொறுப்பாக இருக்கிற அக்கா.

"ஊர்லேர்ந்து வராங்களாக்கா?"

"முதல் ரெண்டு மாசம் ஒரு ஆளு வர்ல தோழர். லாரிக்காரங்கதான் எங்கள காப்பாத்துனாங்க. அவங்களுக்கு யாரு கடைன்னு தெரியாது, தெரிஞ்சாலும் கேக்க நேரமில்ல. பதினஞ்சா நாளு பால் ஊத்தறவர் நின்னுட்டாரு. 'எனக்கு ஒண்ணுமில்லம்மா, ஊர்ல சொல்றாங்க'ன்னாரு. அப்புறம் நாங்களே ரெண்டு மாடு வாங்கிட்டோம்."

மனு எழுத வந்த ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றி அவர் சொன்னதை வாசகர்கள் கேட்க வேண்டும். பட்டா மாறுதலுக்கு அலைந்து அலைந்து ஓய்ந்துபோனவர் அவர். இங்கே எழுதிக்கொடுத்தால் நடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். எழுத நேரமாகும், டீ குடிங்க என்றார்கள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பேப்பர் கப்புல குடும்மா" என்றார்.

"எங்க கடையில பேப்பர் கப் இல்லீங்க ஐயா. எல்லாருக்கும் கிளாசுதான்," என்றிருக்கிறார் அக்கா.

பெரியவர் டீ வேண்டாம் என்றுவிட்டார். மனுவை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். "டீ குடிச்சாத்தான் மனுன்னு சொன்னா நாமளும் அவங்களும் ஒண்ணாயிடுவோம் இல்ல?" என்று கேட்டார் அக்கா. இப்போது அந்தப் பெரியவரின் பேரன் தினமும் வருகிறான். கண்ணாடி கிளாசில் குடிக்கிறான், பேப்பர் வாசிக்கிறான், பையன்களோடு கிரிக்கெட் பேசுகிறான். போகும்போது, "தாத்தாகிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்கிறானாம்.

இதைக் கேட்டு உடனே சாதி ஒழிந்துவிட்டது என்று நான் எழுதப்போவதில்லை. கூடிச் சாப்பிட்டால் சாதி போய்விடாது, சாதியின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது என்று 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் படித்துவிட்டுப் பரோடா அரசு வேலைக்கு வந்தவருக்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். படிப்பும் பதவியும் வாங்கித்தராத இடத்தை ஒரு கிளாஸ் டீ வாங்கித்தந்துவிடாது. அந்தக் கடையில் நான் பார்த்த பெரிய மாற்றம் அந்தப் பையன் குடித்த டீ அல்ல. கூலி பேசுவதில் நடந்திருக்கிற மாற்றம்தான்.

முன்பெல்லாம் ஊர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபடி அவர்கள் கூலியை முடிவு செய்வார்கள், நம்மவர்கள் நின்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இப்போது ஆள் வேண்டுமென்றால் அவர்கள் இந்தக் கடைக்கு வர வேண்டியிருக்கிறது. "நின்னுக்கிட்டே பேசுனா, உக்காருங்க, உக்காந்து பேசலாம்னு சொல்றோம்," என்று சிரித்தார் இன்னொரு பெண். நடவுக் கூலி ஏறியிருக்கிறது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றியும் பேச்சு தொடங்கியிருக்கிறது. பெஞ்சு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதில் தெரிகிறது.

அந்தப் பெஞ்சுக்கு ஒரே விதிதான். யாரும் யாருக்காகவும் எழுந்திருக்கக் கூடாது. பெண்கள் டீக்கடைப் பெஞ்சில் உட்காருவதை நம் காலனி ஆண்களே முதலில் ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள். பொம்பளைங்களுக்குத் தனி பெஞ்சு போடலாமே என்று யோசனை சொன்னார்களாம். "தனி பெஞ்சுன்னா அதுவும் இன்னொரு டம்ளர்தான்" என்று மறுத்துவிட்டார்கள். அதைவிட முக்கியமான சோதனை ஒன்று வந்தது. காலனி ஓரத்தில் நாலு அருந்ததியர் குடும்பம் இருக்கிறது. கடை திறந்த புதிதில் அவர்கள் வெளியே நின்றபடி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் வெளியே நிற்கச் சொல்லவில்லை. யாரும் உள்ளே வரச் சொல்லவும் இல்லை. இந்த மௌனம் நமக்குத் தெரியாததா? ஊர் நமக்குச் செய்ததை நாம் நமக்குக் கீழே இருப்பதாக நினைத்துக்கொள்கிறவர்களுக்குச் செய்கிறோம். அந்தப் பெண்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள், சண்டைகூட நடந்தது. இப்போது சாயங்காலம் கல்லாவில் உட்காருவது அந்த நாலு வீட்டில் ஒரு வீட்டுப் பெண், பிளஸ் டூ முடித்தவள். முணுமுணுப்பு இன்னும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் காசை அவள் கையில்தான் கொடுத்தாக வேண்டும்.

இந்தக் கடை நிலைக்குமா என்பதுதான் கேள்வி. மூன்று சென்ட் இடம், காலனிக்காரர் ஒருவருடைய பட்டா. ரோட்டோரத்தில் நம்மவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். கடை ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்துக்குத் திடீரென்று விலை ஏறிவிட்டது. கேட்ட பணம் தருகிறோம் என்று ஆள்மேல் ஆள் வருகிறார்கள். சொந்தக்காரருக்கு மகள் கல்யாணக் கடன் இருக்கிறது. கடனுக்கு வங்கிக்குப் போனால், டீக்கடைக்கெல்லாம் எதுக்கும்மா லோன், தையல் மெஷின் கேளுங்க என்றார்களாம். பெயர் வெளியே தெரிந்தால் நெருக்கடி கூடும் என்பதால்தான் ஊரைச் சொல்ல வேண்டாம் என்றார்கள். டம்ளரை உடைக்க வருகிறவர்கள் இனிமேல் தடி எடுத்து வரத் தேவையில்லை, பத்திரத்தோடு வந்தால் போதும்.

எனவே நாம் செய்ய வேண்டியது என்ன? ஒன்று, புகார் வரட்டும் என்று காத்திராமல் மாவட்ட ஆட்சியர்களும் காவல்துறையும் டீக்கடைகளை நேரில் சோதிக்க வேண்டும். இறையூரில் கண்ணுக்குத் தெரிந்தது மற்ற ஊர்களிலும் தெரியும். இரண்டு, பஸ் நிலையத்திலும் ஊராட்சிக் கட்டடத்திலும் கடைகள் ஏலம் போகும்போது நமக்கான பங்கைக் கேட்டு வாங்க வேண்டும். ஒதுக்கீடு இருக்கிற இடத்தில் அது பினாமி பெயரில் போகாமல் பார்க்க வேண்டும். மூன்று, தலித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியத்தோடு 2023இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் திட்டம் போன்றவை தொழிற்சாலை வைக்கிறவர்களோடு நின்றுவிடாமல், ஆறு பெண்கள் சேர்ந்து நடத்துகிற டீக்கடைக்கும் போய்ச்சேர வேண்டும். நாலாவது நம் வேலை. வெளியூரில் சம்பாதிக்கிற நம் பிள்ளைகள் ஊர்த் திருவிழாவுக்கும் கட்அவுட்டுக்கும் போடுகிற பணத்தில் ஒரு பங்கை இப்படி ஒரு மூன்று சென்ட்டைக் காப்பாற்றப் போட வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் ஊர் டீக்கடைக்குப் போங்கள். நாலு விஷயத்தைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே பாத்திரம்தானா, அதை யார் கழுவுகிறார்கள்? பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், யாரைக் கண்டால் யார் எழுந்திருக்கிறார்கள்? காசு கைக்குக் கை போகிறதா, பலகைக்குப் போகிறதா? கூலிப் பேச்சில் நம் குரல் இருக்கிறதா? பார்த்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள், எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதுங்கள். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். அடுத்த இதழ்களில் தொடர்ந்து பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் ஊரில் இப்படிக் கடை வைக்க யாராவது முன்வந்தால் அதையும் எழுதுங்கள். அந்தக் கூட்டு ரோட்டுப் பெண்கள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து சொல்லித்தரத் தயாராக இருக்கிறார்கள்.

ஜெய் பீம்!

– ஆசிரியர்